பினாடுபோ வெடித்தபோது செங்கடலில் பவளம் ஏன் செத்தது?

1991 ஜூன் 15. பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில் பினாடுபோ எரிமலை வெடித்த நாள். ஐந்நூறு ஆண்டுகளாகச் சும்மா கிடந்த மலை அது. காடு மூடிய அதன் சரிவுகளில் ஐத்தா பழங்குடி மக்கள் வாழ்ந்துவந்தார்கள். வெடித்த அன்று சாம்பல் மேகம் ஏறக்குறைய 35 கிலோமீட்டர் உயரத்துக்குப் போனது. அதே நாளில், அதே இடத்துக்குப் பக்கத்தில், யூன்யா என்ற புயலும் கரையைக் கடந்தது.

உலர்ந்த எரிமலைச் சாம்பலைத் துடைப்பத்தால் கூரையிலிருந்து தள்ளிவிடலாம். மழையில் நனைந்த சாம்பல் வேறு சரக்கு. கிட்டத்தட்ட ஈரச் சிமெண்ட் மாதிரி ஒட்டிக்கொண்டு கனக்கும். அன்று வெடிப்பில் இறந்தவர்களில் பெரும்பாலானோர் எரிமலைக் குழம்பில் சிக்கியவர்கள் இல்லை. நனைந்த சாம்பலின் பாரம் தாங்காமல் இடிந்த கூரைகளுக்குக் கீழே இருந்தவர்கள்தான் அவர்கள். எரிமலை மட்டும் வந்திருந்தால் அவர்களில் பலர் பிழைத்திருப்பார்கள். புயல் மட்டும் வந்திருந்தாலும் பிழைத்திருப்பார்கள்.

நம் பள்ளிப் புத்தகத்தில் நிலக்கோளம் ஒரு பாடம், வளிமண்டலம் ஒரு பாடம், நீர்க்கோளம் ஒன்று, உயிர்க்கோளம் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் தனி வினா, தனி மதிப்பெண். படிக்க வசதியான பிரிவினைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த நான்கும் (பனியைத் தனியாக எண்ணினால் ஐந்தும்) எப்படி ஒன்றின் மேல் ஒன்று கைவைக்கின்றன என்பதைத் தனித்தனிப் பாடங்கள் காட்டுவதில்லை. அதைப் படிக்கும் துறைக்குப் புவி அமைப்பு அறிவியல் என்று பெயர். அதை விளக்க பினாடுபோவை விடப் பொருத்தமான ஓர் உதாரணத்தை நான் பார்த்ததில்லை. எந்த ஆய்வகத்திலும் செய்ய முடியாத சோதனையை அந்த மலை ஒரே நாளில் செய்துவிட்டது. அதன் விளைவுகளை அளக்கும் செயற்கைக்கோள்களும் கருவிகளும் அப்போது தயாராக இருந்தன.

துறையின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உயிர்க்கோளம் என்ற சொல்லை 1875-இல் முதலில் எழுதியவர் ஆஸ்திரிய நிலவியலாளர் எடுவார்ட் சூயஸ். உயிர்கள் பூமியின் மேல் வெறுமனே குடியிருக்கவில்லை, பூமியின் வேதியியலையே மாற்றுகின்றன என்பதை 1920-களில் விரிவாக எழுதியவர் ரஷ்ய அறிவியலாளர் விளாடிமிர் வெர்னாட்ஸ்கி. அப்புறம் 1980-களில் நாசா ஒரு குழுவை அமைத்தது. பிரான்சிஸ் பிரெதர்டன் அதன் தலைவர். அந்தக் குழு 1986-இல் வெளியிட்ட ஒரு படம்தான் துறைக்கு அடையாளமாகிப்போனது: பெட்டிகளும் அவற்றை இணைக்கும் அம்புக்குறிகளுமாக நிறைந்த படம். காற்று, கடல், மண், தாவரம் எல்லாம் பெட்டிகளாக இருக்கும். வலது ஓரத்தில் ‘மனிதச் செயல்கள்’ என்று ஒரு பெட்டியும் இருக்கும். பெட்டிகளை விட அம்புக்குறிகளே முக்கியம் என்பதுதான் அந்தப் படம் சொன்ன புதுச் செய்தி.

சரி, பினாடுபோவின் அம்புக்குறிகளைப் பின்தொடர்வோம்.

சாம்பல் பெரிய விஷயமாக இருக்கவில்லை. கனமான துகள்கள் சில நாட்களில், சில வாரங்களில் கீழே விழுந்துவிட்டன. உலகத்தைத் தொட்டது கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயு. சுமார் 1.5 கோடி முதல் 2 கோடி டன் கந்தக டை ஆக்சைடை மலை மேலே அனுப்பியது. அது நீராவியோடு சேர்ந்து கந்தக அமிலத்தின் மிக நுண்ணிய துளிகளாக மாறியது. இங்கே எவ்வளவு என்பதை விட எந்த உயரத்தில் என்பதுதான் கேள்வி. நம் தலைக்கு மேலே இருக்கும் கீழடுக்கில் மழை பெய்கிறது. அங்கே கலக்கும் கந்தகத்தை ஓரிரு வாரத்தில் மழை கழுவி இறக்கிவிடும். தொழிற்சாலைப் புகைபோக்கியிலிருந்து வரும் கந்தகத்துக்கு அதுதான் நடக்கிறது. அதற்கு மேலே உள்ள ஸ்ட்ராட்டோஸ்பியரில் மழை கிடையாது. அங்கே போய்ச் சேர்ந்த துளி ஓராண்டுக்கு மேல் மிதந்துகொண்டே இருக்கும். பினாடுபோவின் துளிகள் மூன்றே வாரத்தில் பூமியை ஒரு சுற்று சுற்றிவந்தன. சில மாதங்களில் உலகம் முழுவதற்கும் மெல்லிய திரை போட்டதுபோல் பரவிவிட்டன.

அந்தத் திரை சூரிய ஒளியில் ஒரு சிறு பங்கைத் திருப்பி அனுப்பியது. நாசாவின் ஜேம்ஸ் ஹேன்சனும் கூட்டாளிகளும் கணினி மாதிரியில் கணக்குப் போட்டு, 1992-இல் உலகின் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய அரை டிகிரி குறையும் என்று முன்கூட்டியே அச்சில் எழுதிவிட்டார்கள். 1992 ஜனவரியில் வெளிவந்த கட்டுரை அது. அவர்கள் சொன்னபடியே நடந்தது. காலநிலை மாதிரிகள் வெறும் ஊகம் என்று சொல்பவர்களிடம் நான் முதலில் எடுத்துக்காட்டுவது இதைத்தான். நடந்து முடிந்ததற்கு விளக்கம் சொல்வது எளிது. நடக்கப்போவதைத் தேதி போட்டு எழுதிவைப்பது துணிச்சல்.

இந்த இடத்தில் ஒரு நுட்பமான சங்கதி இருக்கிறது. பின்னூட்டம் என்ற சொல்லை இத்துறையில் திரும்பத் திரும்பக் கேட்பீர்கள். ஒரு மாற்றம் வேறொன்றை மாற்றி, அது திரும்பிவந்து முதல் மாற்றத்தையே பெருக்குவதோ குறைப்பதோதான் பின்னூட்டம். காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். நீராவியும் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு. ஆக, சூடு நீராவியைக் கூட்டும், நீராவி மறுபடி சூட்டைக் கூட்டும். இது உண்மையிலேயே நடக்கிறதா, எவ்வளவு நடக்கிறது என்பதில் அப்போது சந்தேகம் இருந்தது. பினாடுபோ அதைத் தலைகீழாகச் சோதித்துக் காட்டியது. உலகம் குளிர்ந்தது, காற்றில் நீராவி குறைந்தது. செயற்கைக்கோள்கள் அதை அளந்தன. பிற்பாடு ஆய்வாளர்கள் மாதிரியில் நீராவிப் பின்னூட்டத்தை மட்டும் அணைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தார்கள். உண்மையில் நடந்த அளவுக்குக் குளிர்ச்சி வரவில்லை. அதைச் சேர்த்து ஓட்டினால்தான் கணக்கு ஒத்துப்போனது.

மழைக்கும் இதே கதைதான். கடலை ஆவியாக்கும் வெயில் குறைந்தால் மழையும் குறையும். 1992-இல் உலக நிலப்பரப்பின் மேல் பெய்த மழை, ஆறுகள் வழியே கடலுக்குப் போன நீர் இரண்டுமே குறிப்பிடத்தக்க அளவு சரிந்தன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இனி தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். உலகம் சராசரியாகக் குளிர்ந்தது என்றால் எல்லா இடமும் ஒரே அளவில் குளிர்ந்தது என்று அர்த்தமில்லை. திரை விழுந்த ஸ்ட்ராட்டோஸ்பியர் வெப்பத்தை உறிஞ்சிச் சூடேறியது. அதனால் உயரத்தில் வீசும் காற்றோட்டங்களின் போக்கு மாறியது. வடக்கு ஐரோப்பாவில் 1991-92 குளிர்காலம் வழக்கத்தை விட மிதமாக இருந்தது. மேற்காசியாவில் கடுங்குளிர். செங்கடலின் வடக்கு முனையில் அகாபா வளைகுடா இருக்கிறது. அங்கே கடலின் மேல்நீர் இயல்புக்கு மீறிக் குளிர்ந்தது. குளிர்ந்த நீர் கனமானது, கீழே இறங்கும். அது இறங்க இறங்க அடிநீர் மேலே கிளம்பிக் கலக்கும். அந்த ஆண்டு பல நூறு மீட்டர் ஆழம்வரை கடல் கலங்கியது.

அடிநீரில் நைட்ரேட், பாஸ்பேட் முதலிய சத்துகள் நிறைய. சாதாரணமாக அந்த வளைகுடாவின் மேல்நீர் சத்துக் குறைந்த, கண்ணாடிபோல் தெளிந்த நீர். பவளம் அதற்குத்தான் பழகியது. சத்து மேலே வந்ததும் பாசி பெருகியது. அந்த வளைகுடாவில் இருக்கும் இஸ்ரேலின் எய்லாத் நகரத்துக் கரையோரப் பவளத்திட்டுகள் மேல் தடித்த போர்வைபோல் பாசி படர்ந்தது. கீழே இருந்த பவளங்களில் பல மூச்சுமுட்டிச் செத்தன. பசிபிக்கின் ஓரத்தில் ஒரு மலை வெடித்து, ஒன்பது மாதம் கழித்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஒரு கடலடி உயிர் சாகிறது. இடையில் எத்தனை கை மாறியிருக்கிறது பாருங்கள்: பாறை, வாயு, ஒளி, காற்று, நீரின் எடை, சத்து, பாசி. இதில் எந்த ஒரு கண்ணியை மட்டும் படித்தவருக்கும் முழுக் கதை தெரிந்திருக்காது. எரிமலை நிபுணருக்குப் பவளம் தெரியாது, பவளம் படிப்பவர் எரிமலைப் பக்கம் திரும்ப மாட்டார். இந்தத் துறை பிறந்ததன் நியாயமே அதுதான்.

கடல் இன்னொரு விதமாகவும் நினைவு வைத்துக்கொண்டது. குளிர்ந்த கடல்நீர் சுருங்கும். பினாடுபோவுக்குப் பிறகு உலகக் கடல்மட்டம் சுமார் 5 மில்லிமீட்டர் இறங்கியது என்பது கணிப்பு. கேட்கச் சின்ன எண்தான். ஆனால் கடல்மட்டத்தைத் துல்லியமாக அளக்கும் டோபெக்ஸ்-பொசைடான் செயற்கைக்கோள் 1992 ஆகஸ்டில்தான் ஏவப்பட்டது. இன்று நாம் பார்க்கும் கடல்மட்ட வரைபடம் எல்லாம் 1993-இல் தொடங்குவது அதனால்தான். அதாவது, பள்ளத்தில் விழுந்த கடல் மீண்டு ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் அளவை ஆரம்பித்தது. அதனால் முதல் பத்தாண்டின் ஏற்றம் செயற்கையாக அதிகமாகத் தெரிந்தது. கடல்மட்ட உயர்வு வேகமெடுப்பது பல ஆண்டுகள் கண்ணில் படாமல் போனதற்கு அது ஒரு காரணம். 2016-இல் ஆய்வாளர்கள் இதைப் பிரித்துக் காட்டினார்கள்.

பவளத்தைக் கொன்ற அதே திரை காடுகளுக்கு நன்மை செய்தது. நேர்வெயில் குறைந்தாலும் வானம் முழுவதிலிருந்தும் சிதறிவரும் ஒளி கூடியது. உச்சிவெயில் மரத்தின் மேல் இலைகளுக்கு மட்டும் தேவைக்கு மேல் கிடைக்கும், உள்ளிருக்கும் இலைகள் நிழலில் கிடக்கும். சிதறிய ஒளிக்குத் திசை கிடையாது. அது கிளைகளுக்குள் புகுந்து கீழ் இலைகளையும் எட்டும். மெல்லிய மேகம் மூடிய நாளில் மரத்தடியில் நின்று பார்த்தால் நிழல் கறுப்பாக விழாமல் எல்லா இலையும் ஒரே மாதிரி வெளிச்சமாய் இருக்கும், அதைப் போலத்தான். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹார்வர்டு காட்டில் அளந்தபோது, 1992-இல் மேகமற்ற நண்பகல்களில் ஒளிச்சேர்க்கை 23 சதவீதம் கூடியிருந்தது. கூடவே மண் குளிர்ந்ததால் சருகு மக்கி வெளிவிடும் கார்பனும் குறைந்தது. இரண்டும் சேர்ந்து, காற்றில் கார்பன் டை ஆக்சைடு ஆண்டுக்காண்டு கூடும் வேகம் அந்தச் சமயத்தில் நன்றாகத் தணிந்தது. ஹவாயின் மௌனா லோவாவில் 1958 முதல் எடுக்கப்படும் அளவீட்டிலேயே அது தெரிகிறது.

எரிமலையே கார்பன் டை ஆக்சைடு விடுமே என்று சிலர் கேட்பார்கள். விடும். பினாடுபோ அன்று விட்டது சுமார் 5 கோடி டன். நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு எரித்து இன்று மனிதர்கள் அந்த அளவை ஏறக்குறைய அரை நாளில் வெளிவிடுகிறோம். இருபதாம் நூற்றாண்டின் இரண்டாவது பெரிய எரிமலை வெடிப்பும் நமக்கு ஒரு காலைப்பொழுதும் ஒன்று. இந்த எண்ணை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

இதுவரை மலையிலிருந்து வெளியே போன அம்புக்குறிகளைப் பார்த்தோம். மலைக்குள் வந்த அம்புக்குறி ஒன்றும் இருக்கிறது. பினாடுபோ ஏன் அங்கே இருக்கிறது? லூசோனுக்கு மேற்கே மணிலா அகழி என்ற ஆழ்கடல் பள்ளம். தென்சீனக் கடலின் தரைத்தட்டு அங்கே லூசோனுக்கு அடியில் செருகிக்கொண்டு போகிறது. கடலடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஊறிய பாறை அது. அதன் கனிமங்களுக்குள் கடல்நீர் கட்டுண்டு கிடக்கிறது. சுமார் நூறு கிலோமீட்டர் ஆழத்தில் அழுத்தமும் சூடும் அந்த நீரைப் பிழிந்து எடுக்கின்றன. நீர் கலந்த பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகும். உருகியது மேலே ஏறுகிறது. எரிமலை என்றதும் நெருப்பு என்று நினைக்கிறோம். அந்த நெருப்பை மூட்டியது கடல்தான்.

செருகிப்போகும் தட்டின் மேல் சேறும் இருக்கும். கடலின் சிற்றுயிர்களும் சிப்பிகளும் செத்து விழுந்து சேர்ந்த சுண்ணாம்புச் சேறு. அதில் பூட்டப்பட்ட கார்பன் எரிமலைகள் வழியே மறுபடி காற்றுக்கு வருகிறது. காற்றிலிருந்து மழையில் கரைந்து மென்மையான அமிலமாகப் பாறைமேல் விழுகிறது. பாறையைத் துளித்துளியாகக் கரைக்கிறது. கரைந்த கால்சியமும் பைகார்பனேட்டும் ஆற்றோடு கடலுக்குப் போகின்றன. கடலில் உயிர்கள் அவற்றைக் கொண்டு ஓடு கட்டுகின்றன. ஓடு கல்லாகிறது. கல் மீண்டும் அடியில் போகிறது. ஒரு சுற்றுக்குப் பல கோடி ஆண்டுகள் ஆகலாம்.

இந்தச் சுற்றுக்குள் ஒரு தானியங்கிக் கட்டுப்பாடும் இருக்கிறது. உலகம் சூடேறினால் மழை கூடும், பாறை வேகமாகக் கரையும், காற்றிலிருந்து அதிக கார்பன் இறங்கும், சூடு தணியும். குளிர்ந்தால் எதிர்த்திசை. 1981-இல் வாக்கர், ஹேஸ், காஸ்டிங் என்ற மூவர் இதை முன்வைத்தார்கள். இளம் சூரியன் இன்றைய சூரியனை விட நால்பங்கில் ஒரு பங்கு மங்கலாக இருந்த காலத்திலிருந்து இன்றுவரை பூமியில் பெரும்பாலும் திரவ நீர் நிலைத்திருந்ததற்கு இது முக்கியமான ஒரு விளக்கம். ஒரே ஒரு சிக்கல்: இந்தக் கட்டுப்பாடு வேலை செய்ய லட்சக்கணக்கான ஆண்டுகள் எடுக்கும்.

அந்தச் சுற்றின் ஒரு துண்டு நம் ஊரிலேயே கையில் கிடைக்கும். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டும் இடத்தில் ஒரு கல்லை எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கையளவு சிப்பி ஒன்று, விளிம்பின் வரிகள்கூட அழியாமல், கல்லோடு கல்லாக இருந்தது. சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. டைனோசர்கள் நடமாடிய காலத்துக் காற்றில் இருந்த கார்பன் மழையாய், ஆறாய், ஓடாய் அந்தச் சிப்பிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. தானாக விட்டால் இன்னும் எத்தனையோ லட்சம் ஆண்டு அங்கேயே இருக்கும்.

சிமெண்ட் சூளைக்குள் அது போவதற்கு ஒரு நாள் போதும். சுமார் 900 டிகிரியில் சுண்ணாம்புக்கல் தன் கார்பன் டை ஆக்சைடை விட்டுவிடும். நூறு கிலோ சுத்தமான கல்லில் 44 கிலோ அப்படியே வாயுவாகப் போய்விடும். சூளையை எரிக்கும் எரிபொருளின் புகை இதில் சேராது, அது தனிக்கணக்கு. அந்தக் காலத்துக் கிளிஞ்சல் சுண்ணாம்பிலும் இதே வேதியியல்தான். ஆனால் அதில் பாதி வழி திரும்பி வருதல் இருந்தது. சுட்ட சுண்ணாம்பைக் குழைத்துச் சுவரில் பூசினால், அது இறுகுவதே காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்லத் திரும்ப எடுத்துக்கொண்டுதான். பழைய வீட்டுச் சுண்ணாம்புச் சுவர் கல்லாகிப்போச்சு என்று பெரியவர்கள் சொல்வது சொல்லுக்குச் சொல் சரி.

பிரெதர்டன் படத்தில் ஓரமாக இருந்த ‘மனிதச் செயல்கள்’ பெட்டியை இப்போது நடுவில் வைக்கவேண்டியிருக்கும். 1958-இல் பத்து லட்சத்தில் 315 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. பாறை இறக்கும் வேகத்தை விட மிக அதிக வேகத்தில் நாம் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். இந்த நிலையில் பினாடுபோவைப் பார்த்துச் சிலருக்கு ஒரு யோசனை வந்தது. ஓசோன் ஆய்வுக்காக 1995-இல் நோபல் பரிசு பெற்ற பால் குருட்சன் 2006-இல் அதை வெளிப்படையாக விவாதிக்கச் சொன்னார்: எரிமலை செய்ததை நாமே செய்தால் என்ன, ஸ்ட்ராட்டோஸ்பியரில் கந்தகத்தை நாமே தூவினால் என்ன? உமிழ்வைக் குறைக்க உலகம் தவறிக்கொண்டிருக்கிறதே என்ற கவலையில் அவர் எழுதினார். அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. யோசனையை ஏற்க முடியவில்லை.

1992-இன் மழைக்கணக்கை மறுபடி பாருங்கள். வெயிலைக் குறைத்தால் வெப்பநிலை மட்டும் குறைவதில்லை, மழையும் ஆறும் குறைகின்றன. யாருக்கு எவ்வளவு குறையும் என்பதை யாரும் முடிவுசெய்ய முடியாது. அகாபாவில் பாசி படரும் என்று 1991-இல் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஹேன்சன் குழுவின் மாதிரி சராசரியைச் சரியாகச் சொன்னது, பவளத்தைச் சொல்லவில்லை. அடுத்தது காலம். துளிகள் விழுந்து தீர்ந்ததும், சில ஆண்டுகளில் வெப்பநிலை பழைய ஏற்றத்துக்கே திரும்பிவிட்டது. ஆகவே தூவ ஆரம்பித்தால் ஆண்டுதோறும் தூவிக்கொண்டே இருக்கவேண்டும். நடுவில் நிறுத்தினால் அதுவரை மறைத்துவைத்த சூடெல்லாம் சில ஆண்டுகளுக்குள் மொத்தமாக வந்து இறங்கும்.

அப்புறம் கடல். நாம் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய கால்பங்கு கடலில் கரைகிறது. தொழிற்புரட்சிக்குப் பிறகு கடலின் மேல்நீர் அமிலத்தன்மை சுமார் 30 சதவீதம் கூடிவிட்டது. வானத்தில் எவ்வளவு திரை போட்டாலும் இந்தக் கரைதல் நிற்காது. அமிலம் கூடக் கூட நீரில் கார்பனேட் குறையும். பவளமும் சிப்பியும் அதை எடுத்துத்தான் ஓடு கட்டவேண்டும். அரியலூர்க் கல்லில் வரி வரியாய்த் தெரிந்ததும் அப்படிக் கட்டப்பட்ட ஓடுதான்.